அரிசிக்கு ஏது பேடண்ட்?

2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாலை சந்திரனின் தென் துருவத்துக்கு அருகே சந்திரயான்-3 இறங்கிற்று. அதைப் பார்த்துக் கை தட்டாத தோழர் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இருந்திருக்க மாட்டார். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன். நாம் பெருமைப்பட்டோம். படத்தானே வேண்டும்!

ஆனால் அதே ஆகஸ்டில், சந்திரயான் இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, இந்திய விஞ்ஞானம் இன்னொரு வெற்றியை உலகுக்கு அறிவித்தது. அதற்கு யாரும் கை தட்டவில்லை. பட்டாசு வெடிக்கவில்லை. மந்திரிகள் கொடி ஆட்டவில்லை. பத்திரிகைகள் உள்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டுவிட்டு நகர்ந்தன. அந்த வெற்றியோ சந்திரனைப் பற்றியதல்ல. நம் நெஞ்சுக்கூட்டைப் பற்றியது. க்ஷயரோகத்தைப் பற்றியது. டி.பி. என்று நம் பேட்டைகளில் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்களே, அந்த நோயைப் பற்றியது.

என்ன செய்தார்கள்? ஜார்க்கண்ட் ராஜ்யத்தில் நான்கு ஜில்லாக்களில் 2,800 டி.பி. நோயாளிகளையும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலோர் ஆதிவாசி மக்கள், ஏழைகள். நோயாளிகள் அனைவருக்கும் மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள்: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். குடும்பங்களை மட்டும் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் நோயாளிக்கு மட்டுமே உணவு. மற்றப் பிரிவில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, தினம் ஒரு சத்து மாத்திரை. பிறகு 2022 ஜூலை வரை, எந்த வீட்டில் எத்தனை பேருக்குப் புதிதாக நோய் வருகிறது என்று கண்காணித்தார்கள்.

முடிவு என்ன? வீட்டார்க்கும் உணவு போன குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. பிறருக்குத் தொற்றும் நுரையீரல் டி.பி.யோ நூற்றுக்கு 48 பங்கு, ஏறக்குறையப் பாதி, குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு ஏறியவர்களுக்குச் சாவின் அபாயம் 61 பங்கு குறைவாக இருந்தது.

புது ஊசி இல்லை. புது மாத்திரை இல்லை. அரிசியும் பருப்பும்!

மங்களூரைச் சேர்ந்த டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்திய இந்த ஆராய்ச்சியில், சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கும் பங்கு உண்டு. பணம் கொடுத்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். அதாவது நாம். தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் நாம் கட்டுகிற வரி.

"சாப்பாடு இல்லாதவனுக்கு நோய் வரும் என்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேறு வேண்டுமா? எங்கள் பாட்டிக்கே தெரியுமே!" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பாட்டி சொன்னதைக் கொண்டு செக்ரட்டேரியட்டில் வாதாட முடியாது. கூலி உயர்வு கேட்கப் போகும் சங்கம் விலைவாசிப் புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு போகிறது; வயிறு எரிகிறது என்று மட்டும் சொன்னால் நிர்வாகம் காது கொடுக்காது. அதே கதைதான் இங்கும். நூற்றுக்கு 39 என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட எண். சர்க்காரிடம் பேரம் பேச ஏழைக்குக் கிடைத்திருக்கும் ஆயுதம். அதனால்தான் இதைச் சாதாரணச் செய்தியாக விட்டுவிட நமக்கு மனமில்லை.

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. அது நம் ஊரிலேயே நடந்தது. நம் இளம் தோழர்களில் பலர் அதை அறியமாட்டார்கள்.

1956-இல் சென்னை சர்க்கார், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கின. அந்தக் காலத்தில் க்ஷயம் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையமே அந்தப் பெயரில் இன்றும் இருக்கிறது. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளில் எத்தனை பேருக்குப் படுக்கை கிடைத்தது? மிகச் சிலருக்குத்தான். மற்றவர்கள் குடிசையில் இருமி இருமியே செத்தார்கள். படுக்கை கிடைத்தாலும், மூட்டை தூக்கும் ஒருவன் ஒரு வருஷம் சானடோரியத்தில் படுத்துவிட்டால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு யார் கஞ்சி ஊற்றுவது?

டாக்டர் வாலஸ் பாக்ஸ் தலைமையில் அங்கே ஒரு சோதனை நடந்தது. சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கல் முறையில் ஒரு பாதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதியினர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள்: நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு, முடிந்தவர்களுக்கு வேலையும் உண்டு. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருப்பவர்கள் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959-இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர் கிருமி நீங்கி நின்றார்கள். வீட்டில் 86 பேர். வித்தியாசம் சொற்பம். குடும்பத்தாரை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் வைத்து வைத்தியம் செய்ததால் அவர்களுக்கு அபாயம் கூடவில்லை என்றும் தெரிந்தது. அவ்வளவுதான், உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிந்தது. வீட்டிலிருந்தே வைத்தியம் என்ற பாதை எல்லா ஏழை நாடுகளுக்கும் திறந்தது. 1962-இல் வந்த தேசியக் காசநோய்த் திட்டமும் இந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தது. மருத்துவப் புத்தகங்கள் இதை "சென்னைச் சோதனை" என்று சொல்கின்றன. அந்த 193 பேரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களுக்கு ஒரு சிலை வைத்தால் தகும்.

ஆனால் இங்கேதான் ஒரு விஷயத்தை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்கள் அப்படிச் சாப்பிடவில்லை. இருந்தும் மருந்து இருவரையும் குணப்படுத்தியது. விஞ்ஞானிகள் சொன்னது இதுதான்: சாப்பாடு குறைவாக இருந்தாலும் மருந்து வேலை செய்யும்; ஆகவே சாப்பாடு இல்லை என்பதற்காக ஏழைக்கு மருந்தை மறுக்காதே. மனிதாபிமானம் மிகுந்த முடிவு. அது சர்க்கார் ஆபீசுகளின் காதில் எப்படி விழுந்தது தெரியுமா? "மருந்து போதும், சாப்பாடு வேண்டியதில்லை!" மாத்திரையைக் கொடுத்தார்கள், தட்டை மறந்தார்கள். 2018 ஏப்ரலில்தான் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் சத்துணவுக்கென்று வந்தது. 1959-க்கும் 2018-க்கும் நடுவே எத்தனை வருஷம் என்று தோழர்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிருமியைக் கொல்வது மருந்து. ஆனால் அந்தக் கிருமி அடுத்த ஆளின் உடம்பில் தலை தூக்குவதா, அடங்கிக் கிடப்பதா என்பதைத் தீர்மானிப்பதில் வயிற்றுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. 1959-இன் முடிவும் 2023-இன் முடிவும் சண்டை போடவில்லை. முதலாவது நோயாளியின் சிகிச்சையைப் பற்றியது. இரண்டாவது அவன் வீட்டாரின் பாதுகாப்பைப் பற்றியது. பாதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியவர்கள் ஆட்சியாளர்கள்தான்.

இனிப் பணத்துக்கு வருவோம். விஞ்ஞானம் காற்றைக் குடித்து வளர்வதில்லை. அதற்குக் காசு போடுபவன் யார், எதற்காகப் போடுகிறான் என்பதைப் பொறுத்தே எந்தக் கேள்வி கேட்கப்படும், எந்தக் கேள்வி குப்பைக்குப் போகும் என்பது முடிவாகிறது.

சென்னைச் சோதனையின் முக்கிய மருந்து ஐசோனியஸிட். அது டி.பி.யைக் குணப்படுத்தும் என்று கண்டது 1952-இல். மூன்று பெரிய கம்பெனிகள் தனித்தனியே ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன. பேடண்ட் வாங்கி உலகத்தையே வளைத்துப் போட்டுவிடலாம் என்று பார்த்தால், 1912-லேயே பிராகு நகரத்தில் இருவர் பட்டப் படிப்புக்காக அந்தப் பொருளைச் செய்து எழுதி வைத்துவிட்டார்கள்! பேடண்ட் கிடைக்கவில்லை. மருந்து மலிந்தது. கோடிக்கணக்கான ஏழைகள் பிழைத்தார்கள். ஒரு மாணவரின் பழைய நோட்டுப் புத்தகம் மூன்று கம்பெனிகளை மண்ணைக் கவ்வ வைத்த அந்தக் கதையை நாம் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

எல்லா மருந்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. மருந்துக்கு மசியாத டி.பி.க்கு வந்திருக்கும் பெடாகுவிலின் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கும் சோதனைகளில் பொதுப்பணமும் பெருமளவு சேர்ந்தது. பேடண்டோ ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியிடம். 2023 ஜூலையில் பேடண்ட் முடியும் சமயத்தில் அதை மேலும் நீட்டக் கம்பெனி முயன்றது. டி.பி.யிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள், ஒருவர் இந்தியர், ஒருவர் தென்னாப்பிரிக்கர், ஆட்சேபம் எழுப்பினார்கள். 2023 மார்ச்சில் இந்தியப் பேடண்ட் ஆபீஸ் கம்பெனியின் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. அந்த மாத்திரையோடு வேறு மருந்துகளைச் சேர்த்து, ஊசியே இல்லாமல் ஆறு மாதத்தில் குணப்படுத்த முடியுமா என்று சேத்துப்பட்டு நிலையத்தார் 165 பேரிடம் சோதித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நல்ல பலன். முன்பு ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக விழுங்கிய மருந்து அது. 2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார் நான்கு மருந்து கொண்ட ஆறு மாத வைத்தியம் ஒன்றை அங்கீகரித்தது. இவை மெய்யான முன்னேற்றங்கள். குறை சொல்ல நாம் இங்கே உட்காரவில்லை.

மாத்திரை என்றால் கம்பெனி வரும். ஏனென்றால் மாத்திரைக்கு விலை உண்டு, பேடண்ட் உண்டு, லாபம் உண்டு. அரிசிக்கு ஏது பேடண்ட்? துவரம்பருப்புக்கு ஏது பேடண்ட்? "பருப்பு கொடுத்தால் டி.பி. குறையுமா?" என்ற கேள்விக்கு எந்த முதலாளி முதல் போடுவான்? பதில் "குறையும்" என்று வந்தாலும் அவனுக்குக் காலணா லாபம் இல்லை.

தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஆராய்ச்சிக்கும் எவனும் முதல் போடமாட்டான். 1968-இல் செங்கற்பட்டு ஜில்லாவில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் உட்படுத்தி பி.சி.ஜி. ஊசியின் சோதனை தொடங்கியது. பதினைந்து வருஷம் மக்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வயது வந்தவர்களின் நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மை வெளிவந்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகளைத் தடுக்க அது இன்றும் போடப்படுகிறது. ஆனால் அதை நம்பியே இருக்கலாகாது என்று உலகம் தெரிந்துகொண்டது நம் பக்கத்துக் கிராமத்து ஜனங்களிடமிருந்து. "என் சரக்கு பலிக்கவில்லை" என்று எந்த வியாபாரி போர்டு மாட்டுவான்? பொதுப்பணம்தான் மாட்டும்.

அந்தப் பொதுப்பணத்தின் நிலைமை என்ன? 2020-21 கணக்குப்படி நாட்டின் மொத்த வருமானத்தில் ஆராய்ச்சிக்குப் போவது நூற்றுக்கு 0.64. நூறு ரூபாயில் முக்கால் ரூபாய்கூட இல்லை! தென் கொரியா ஏறக்குறைய ஐந்து ரூபாய் போடுகிறது. 2023-இல் பார்லிமெண்டில் ஆராய்ச்சி ஸ்தாபனச் சட்டம் ஒன்று நிறைவேறியது. ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்று தமுக்கடித்தார்கள். அதில் 36,000 கோடி சர்க்காருக்கு வெளியிலிருந்து, கம்பெனிகளிடமிருந்தும் நன்கொடையாளரிடமிருந்தும் வருமாம். பிறகு 2025 ஜூலையில் மந்திரிசபை ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. அது யாருக்கு? தனியார் கம்பெனிகளின் ஆராய்ச்சிக்கு, நீண்ட காலக் கடனாக, சொற்ப வட்டியில் அல்லது வட்டியே இல்லாமல்! கொருக்குப்பேட்டையில் தள்ளுவண்டிக்காரர் காலையில் வாங்கும் கடனுக்கு மாலையில் என்ன வட்டி கட்டுகிறார் என்று இந்த மந்திரிகளுக்குத் தெரியுமா?

தனியார் ஆராய்ச்சியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. லாபம் வரும் கேள்விக்கு அவர்கள் தங்கள் பையிலிருந்து போடட்டும். லாபம் வராத, ஆனால் உயிரைக் காக்கும் கேள்விக்குச் சர்க்கார் போட வேண்டும். தலைகீழாக நடந்தால் எப்படி?

வெளிநாட்டான் கொடுப்பான் என்ற நம்பிக்கையும் உடைந்துவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஒரு கையெழுத்துப் போட்டார். அமெரிக்க உதவி ஸ்தாபனத்தின் பணம் உலகெங்கும் நின்றது. டி.பி. சோதனைகள் பாதியில் நின்றன. மருந்து சாப்பிட ஒப்புக்கொண்ட நோயாளிகள் நடுவழியில் விடப்பட்டார்கள். பிறத்தியான் கஜானாவை நம்பி நம் நெஞ்சுக்கூட்டை வைத்திருந்தால் இதுதான் கதி. 2024-இல் உலகில் டி.பி. கண்டவர்களில் நாலில் ஒருவர் இந்தியர். 2025-க்குள் நோயை ஒழிப்போம் என்று டில்லி சபதம் செய்திருந்தது. 2025 வந்தது, போயிற்று. நோய் போகவில்லை.

இதெல்லாம் நம் பகுதிக்கு என்ன சம்பந்தம்? எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும்போது அந்தத் தூசியை யார் சுவாசிக்கிறார்கள்? ஹைகோர்ட் உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்குவது நின்றது. கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. தூசி ஒழியவில்லை, முகவரி மாறிற்று. பவுண்டரிகளில், கல் அறுக்கும் இடங்களில் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலை டி.பி.க்கு இரையாக்கும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தது.

இன்னொன்று. ஜார்க்கண்டில் அந்தச் சோதனை நடந்ததே, அந்த ராஜ்யத்து வாலிபர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? மணலியிலும் கத்திவாக்கத்திலும் அத்திப்பட்டிலும் தகரக் கொட்டகைகளில் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒரே கொட்டகையில் எட்டுப் பேர், பத்துப் பேர். ஷிப்ட் மாறும்போது பாய் சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் படுக்கிறான். அவர்களில் ஒருவனுக்கு இருமல் கண்டால் "வீட்டார்" யார்? சர்க்கார் படிவத்தில் தாய், தகப்பன், மனைவி, மக்கள் என்று எழுத இடம் இருக்கிறது. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனுக்கு இடம் இல்லை. காற்றுக்கு அந்தப் படிவம் தெரியாது.

ஈ.எஸ்.ஐ.யில் டி.பி.க்கு நீடித்த நோய்ச் சலுகை இருக்கிறது. கூலியில் நூற்றுக்கு 80 பங்கு, இரண்டு வருஷம் வரை. நல்ல சட்டம். ஆனால் அதற்கு இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், சந்தாவும் கட்டியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு கண்டிராக்டர் பெயரில் வேலை செய்பவனுக்கு அது எட்டாக் கனி. அவன் இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறான். அவனைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

1930-களில் தமிழில் விஞ்ஞானத்தைத் தொழிலாளருக்காக எழுதியவர் தோழர் சிங்காரவேலர். இந்தக் கடற்கரையின் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். பிரபஞ்சம் எப்படி உண்டாயிற்று என்று மில் தொழிலாளிக்கு ஏன் தெரிய வேண்டும் என்று அவர் தயங்கவில்லை. நாமும் தயங்க வேண்டியதில்லை. "லான்செட்" பத்திரிகை சொன்னதை யூனியன் கூட்டத்தில் பேசுவோம்.

என்ன கேட்கப் போகிறோம்? நோயாளிக்குக் கொடுத்துவந்த 500 ரூபாய் 2024 நவம்பரில் 1,000 ஆயிற்று, நல்லது. ஆனால் வீட்டாருக்கான உணவை டில்லி யாரிடம் விட்டிருக்கிறது? மனமுவந்து கொடுக்கும் தருமவான்களிடம்! அவர்களுக்கு "நிக்ஷய் மித்ரா" என்று பட்டமும் சூட்டியிருக்கிறது. கொடுப்பவர்களை வாழ்த்துகிறோம். ஆனால் ஆராய்ச்சி நிரூபித்த ஒரு வைத்தியத்தைத் தருமத்துக்கு விடுவதா? ஐசோனியஸிட் மாத்திரையைத் தருமவான் தந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்வார்களா?

முப்பது குடும்பங்களுக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்று அதே ஆராய்ச்சி கணக்கிட்டது. "முப்பது வீட்டுக்குச் சோறு போட்டு ஒருவனைத்தானே காப்பாற்றுகிறாய், கட்டுமா?" என்று நிதி இலாகாவில் ஒருவர் பென்சிலைத் தட்டுவார். அந்த முப்பது வீட்டிலும் பசி ஆறுகிறதே, அதை எந்தப் பத்தியில் எழுதப் போகிறார்? சாப்பிட்ட குழந்தை பள்ளிக்கூடம் போகிறதே, அது எந்தக் கணக்கு?

தமிழ்நாட்டில் புதிதாக ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு ரேஷன் கடை இருக்கிறது. 2011 முதல் அரிசி இலவசம். கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குத் தருகிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் டி.பி. கண்ட வீட்டில் தலைக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு இலவசமாகக் கிடைக்கும்படி ஓர் உத்தரவு போதும். வெளி ராஜ்யத் தொழிலாளிக்கு, எந்த ஊர்க் கார்டானாலும் இங்கே தானியம் வாங்கலாம் என்று திட்டம் இருக்கிறது. அதில் பருப்பு கிடையாது. அவனுக்கும் பருப்பு வேண்டும். "வீட்டார்" என்ற சொல்லுக்குக் கொட்டகையில் கூட இருப்பவர்களும் சேர்த்தி என்று ஒரு வரி எழுத வேண்டும். இந்தக் கொட்டகைகளுக்கு என்று ஒரு சோதனையைச் சேத்துப்பட்டு நிலையத்தார் நடத்த வேண்டும்; அந்த ஒரு லட்சம் கோடியிலிருந்து ஒரு துளியை அதற்கு ஒதுக்கச் சொல்லி நம் எம்.பி.க்கள் பார்லிமெண்டில் எழுந்து கேட்க வேண்டும்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் கிளைத் தோழர்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துக்கொள்ளட்டும். அதற்கு முன்னால், தங்கள் பட்டறையிலும் கொட்டகையிலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் தோழர்களைக் கையோடு அழைத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஸ்டான்லிக்கோ போய்ச் சளியைப் பரிசோதித்து வரட்டும். பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது.